எந்த பீரோவில் இருக்கிறது அந்தத் தானப் பத்திரம்?

முருங்கைக் காடுகள் மனைகளாகின்றன. ஊராட்சிகள் நகரங்களோடு சேர்க்கப்படுகின்றன. கல் நடுவதற்கும் எல்லைக்கோடு நகர்வதற்கும் நடுவில் தொலைந்துபோவது என்ன? ஒட்டன்சத்திரத்தை முன்வைத்து ஒரு பார்வை.

முருங்கையை வெட்டிச் சாய்த்தாலும் அது லேசில் சாகாது. அடிக்கட்டை மண்ணுக்குள் இருந்தால் போதும். நாலு தூறல் விழுந்ததும் துளிர்த்துவிடும். ஒட்டன்சத்திரத்தைச் சுற்றிப் புதிதாகப் பிரித்த மனை எது, பழையது எது என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளையடித்து, தலையில் சிவப்புப் பட்டை போட்ட கற்களுக்கு நடுவே முருங்கைக் கொழுந்து எட்டிப் பார்த்தால், அது போன வருஷம் வரைக்கும் தோட்டம்.

செம்மண்ணில் ஜேசிபி இழுத்துவிட்ட ரோடு. முகப்பில் சிமென்ட் வளைவு, அதில் பிள்ளையார். காற்றில் படபடக்கும் கலர் கொடிகள். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்' என்றொரு பலகை. எந்த வண்டியில், எந்த வேகத்தில் என்று மட்டும் இருக்காது. தகரப் பந்தலின் கீழ் ஒரு மேஜை. மேஜைமேல் கண்ணாடித் தாள் போட்ட வரைபடம். விற்ற மனைகளில் சிவப்புப் பொட்டு, விற்காதவை வெள்ளை. ஒரு மூலையில் பச்சை நிறத்தில் ஒரு செவ்வகம்: 'பூங்கா'.

வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தி அந்தப் பச்சைச் செவ்வகத்தை நிலத்தில் தேடிப் பாருங்கள். மனைகளுக்கு நாலு மூலையிலும் கல் இருக்கும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கல் இருக்கும். பூங்காவுக்கு மட்டும் பல இடங்களில் கல் இருக்காது. விலை போகிற இடத்துக்கு எல்லை உண்டு. விலை போகக் கூடாத இடத்துக்கு எல்லை இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது.

காயும் காசும்

ஒட்டன்சத்திரம் என்றால் மார்க்கெட். காந்தி காய்கறி மார்க்கெட்டில் ஏலம் முடிந்து மூட்டைகள் லாரி ஏறுவது பெரும்பாலும் கேரளத்துக்குத்தான். ஓணத்துக்கு இங்கே விலை ஏறும். அங்கே கடையடைப்பு என்றால் இங்கே தக்காளி தேங்கும். சுற்று வட்டாரத்துக் கள்ளிமந்தையம், இடையகோட்டை, அம்பிளிக்கை, சத்திரப்பட்டி, விருப்பாட்சி என்று எந்தப் பக்கம் போனாலும் முருங்கை, வெங்காயம், கத்தரி, மக்காச்சோளம். 2022-இல் முருங்கை ஏற்றுமதிக்கென்று தமிழக அரசு அறிவித்த சிறப்பு மண்டலத்தின் ஏழு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று.

ஆனால் காய் விலை ஒரு நாள் இருப்பது மறுநாள் இல்லை. பறிகூலிக்குக் கட்டாத தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகும் விவசாயியிடம், செண்ட் கணக்கில் விலை பேச ஒருவர் வந்து நிற்கிறார். ஏக்கருக்கு நூறு செண்ட். ரோட்டுக்கும் மற்றதற்கும் மூன்றில் ஒரு பங்கு போனாலும், மிச்சத்தை மனையாக விற்றால் வரும் தொகையை அந்த நிலம் முருங்கை காய்த்துத் தர ஒரு தலைமுறை ஆகும். அவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

வாங்குபவருக்கும் காரணம் உண்டு. திண்டுக்கல் – பழநி – கோவை தேசிய நெடுஞ்சாலை 83 ஊர் வழியாகப் போகிறது. கமலாபுரம் முதல் ஒட்டன்சத்திரம், மடத்துக்குளம் வழியாகப் பொள்ளாச்சி வரை அதை நான்கு வழியாக்கும் வேலை எடுக்கப்பட்டது. தாராபுரம் வழியாகத் திருப்பூர் போகும் மாநில நெடுஞ்சாலை 37, சென்னை – கன்னியாகுமரி தொழில் தடத் திட்டத்தில் அகலமானது. பழநி ரயில் பாதை இருக்கிறது. 1955 முதல் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் மருத்துவமனை இருக்கிறது. மண்டியில் கணக்கு எழுதுபவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவர், ஓய்வு பெறப் போகும் ஆசிரியர் என எல்லோருக்கும் மூன்று செண்டோ நான்கு செண்டோ வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் ஒட்டன்சத்திரம் நகராட்சியின் மக்கள்தொகை 30,064; வார்டுகள் 18. மனைகள் விளைவதோ பெரும்பாலும் அந்த வார்டுகளுக்கு வெளியே, நகராட்சிக் கோட்டைத் தாண்டியதும் தொடங்கும் கிராம ஊராட்சிகளில். நிலம் மலிவு, வரி குறைவு, கேட்க ஆள் குறைவு. மாவட்டத் தலைநகரிலும் இதே கதைதான். 1866-இல் நகராட்சியான திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சி ஆனது. ஆனபோதும் அதன் பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர். ஊர் எப்போதோ கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கோடு பின்னால் ஓடி வருகிறது.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற மந்திரம்

இருபது வருஷத்துக்கு முன்பு மனை விற்றவர்களின் நோட்டீஸில் தவறாமல் இருந்த சொல் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு'. ஒரு வரைபடம், அதன் கீழே ஊராட்சித் தலைவரின் கையெழுத்து, உருண்டை முத்திரை. வாங்கியவர்கள் அதை லேமினேட் பண்ணி வைத்துக்கொண்டார்கள். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். தலைவரின் முத்திரை மட்டும் போதாது. அது தலைவருக்கும் தெரியும், விற்றவருக்கும் தெரியும், பத்திரம் எழுதியவருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், பணம் கொடுத்தவர்.

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி அந்த மந்திரம் பலிக்காமல் போனது. விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. சார் பதிவாளர் அலுவலக வாசல்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்று இருந்தவர்கள் கையில் காகிதத்தோடு நின்றார்கள்.

2017 மே 4-இல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனை என்றால், கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம். கால அவகாசம் ஒருமுறைக்குப் பலமுறை நீட்டிக்கப்பட்டது. ஏழைகள் கட்டிய பணம் முழுகாமல் இருக்க அது வேண்டியிருந்தது. ஆனால் வரன்முறை என்பது காகிதத்துக்குக் கிடைக்கும் மன்னிப்பு. பன்னிரண்டு அடி ரோடு அதனால் முப்பது அடி ஆகிவிடாது. எல்லா மனையும் விற்றுப்போன இடத்தில் பூங்காவுக்கு நிலம் வானத்திலிருந்து இறங்காது. ஒரு மனைப்பிரிவை ஒழுங்காக அமைக்க ஒரே ஒரு தருணம்தான் உண்டு: முதல் கல் நடுவதற்கு முந்தைய நாள். அதைத் தவறவிட்டால் அப்புறம் வருகிற எந்த அதிகாரியும் வாரிசுதாரர்தான். கடனையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற வாரிசுதாரர்.

முப்பத்தேழரை செண்ட்

இன்றைக்கு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் பொது. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 74 செண்டுக்குள் இருந்தால், திறந்தவெளி இடம் விடத் தேவையில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், ரோடு போக மிச்சமுள்ள பரப்பில் 10 சதவீதத்தை விட வேண்டும்; அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், பணம் என்ற பேச்சே கிடையாது; நிலத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

கொடுப்பது எப்படி? உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து. ரோடும் அப்படித்தான், பூங்காவும் அப்படித்தான். தொழில்நுட்ப ஒப்புதல் கிடைத்து, கட்டணங்கள் கட்டி, தானப் பத்திரம் பதிவாகி உள்ளாட்சியின் கைக்கு வந்த பிறகே இறுதி ஒப்புதல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் முருங்கைக் காடு. ரோட்டுக்கு ஒன்றேகால் ஏக்கர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மூன்றே முக்கால் ஏக்கர், 375 செண்ட். அதில் பத்தில் ஒன்று முப்பத்தேழரை செண்ட். மூன்று செண்ட் மனையாகப் போட்டால் பன்னிரண்டு மனை. பன்னிரண்டு மனையின் விலையைச் சும்மா விட யாருக்குத்தான் மனம் வரும்? அதனால்தான் ஐந்து ஏக்கரை அண்ணன், தம்பி, மச்சான் பெயர்களில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 74 செண்டுக்குள் நிற்குமாறு விண்ணப்பிக்கும் வித்தை பிறந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் விதிமீறல் இல்லை. சேர்த்துப் பார்த்தால் நூறு வீடு, ஒரு மரம் இல்லை.

சேர்த்துப் பார்ப்பதுதான் கண்காணிப்பு. அதை யார் செய்ய வேண்டும்? நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் மேஜைக்கு வருவது ஒரு சர்வே எண்ணும் ஒரு கோப்பும். ஆனால் அந்தத் துண்டுகளெல்லாம் ஒரே காடு, ஒரே கிணறு, ஒரே வரப்பு என்பது ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். ஓடை எந்தப் பக்கம் போகும், மழைத் தண்ணீர் எந்த மனைக்குள் நிற்கும் என்பதும் உள்ளூர்க் கண்ணுக்குத்தான் தெரியும். சட்டம் தெரிந்தவருக்கு ஊர் தெரியாது. ஊர் தெரிந்தவருக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் குறைவு. பிழை நுழைவது இந்த இடுக்கு வழியாக.

இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுரடி வரையிலான மனையில் 3,500 சதுரடி வரை வீடு கட்ட, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. விண்ணப்பித்தவுடன் இணைய வழியில் அனுமதி. சாமானியனுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வீடு கட்டும் கட்டத்தில் பார்க்க வந்த கண்கள் குறைந்துவிட்டன என்றால், மனை பிரிக்கும் கட்டத்தில் பார்க்கும் கண் இரண்டு மடங்கு கூர்மையாக இருக்க வேண்டும். கடைசி சோதனைச் சாவடி அதுதான்.

ஒரு பூங்கா வீடான கதை

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில், இதே மாவட்டத்தின் இன்னொரு ஊரில் அப்பா மூன்றரை செண்ட் வாங்கினார். விற்றவர் கொடுத்த நீல நிற வரைபடம் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, வெகுநாள் பீரோவுக்குள் மருந்து வாசனையோடு இருந்தது. எங்கள் மனைக்கு எதிரே 'பூங்கா' என்று கோணல் எழுத்தில் எழுதியிருக்கும். பூங்கா எதிரே என்பதற்காக அப்பா கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்ததாக அம்மா பிற்பாடு சொல்லிக்காட்டுவார்.

பூங்கா வரவில்லை, வேலிக்கருவை வந்தது. அதை வெட்டிவிட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடினோம். பொங்கலுக்கு உறியடி அங்கேதான். ஒரு நாள் காலையில் நாலு மூலையிலும் கல் ஊன்றியிருந்தது. ஊன்றியவரிடம் பதிவான கிரயப் பத்திரம் இருந்தது. முதல் நில உரிமையாளரின் வாரிசுகளிடம் வாங்கியிருந்தார். எப்படி விற்க முடிந்தது? பட்டா இன்னும் அவர்கள் தாத்தா பெயரிலேயே இருந்தது.

தெருக்காரர்கள் திரண்டு ஊராட்சி அலுவலகம் போனார்கள். அதற்குள் எங்கள் பகுதி பக்கத்து நகரத்தோடு சேர்ந்திருந்தது. கோப்பெல்லாம் புதிய அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று பழைய அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படி ஒரு கோப்பே வரவில்லை என்று புதிய அலுவலகத்தில் சொன்னார்கள். தானப் பத்திரம் எழுதப்பட்டதா, எழுதாமலே விட்டார்களா என்பதே கடைசி வரை தெரியவில்லை. அப்பா நாலைந்து தடவை அலைந்தார்; பிறகு முட்டி வலி வந்தது; நின்றுவிட்டார். இப்போது அந்த இடத்தில் மாடி வீடு. நல்ல மனிதர்கள். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

பட்டாவில் இருக்கிறது சூட்சுமம். தானப் பத்திரம் பதிவானாலும், வருவாய்த் துறை ஆவணத்தில் பெயர் மாறாவிட்டால் பூங்கா நிலம் பழைய உரிமையாளர் பெயரிலேயே தூங்கும். பதிவுத் துறை ஒரு துறை, வருவாய்த் துறை இன்னொரு துறை, உள்ளாட்சி மூன்றாவது துறை. மூன்றுக்கும் நடுவில் முப்பத்தேழரை செண்ட் அநாதையாகக் கிடக்கிறது.

கோடு நகர்ந்த வாரம்

2025 புத்தாண்டை ஒட்டித் தமிழக அரசு உள்ளாட்சி எல்லைகளைப் பெரிய அளவில் மாற்றும் அறிவிப்புகளை வெளியிட்டது. 16 மாநகராட்சிகள் விரிவாக்கம். அவற்றில் சேர 149 கிராம ஊராட்சிகள். 41 நகராட்சிகள் விரிவாக்கம்; அவற்றில் சேர 147 ஊராட்சிகள். புதிதாக 13 நகராட்சிகள், 25 பேரூராட்சிகள். 12,525 கிராம ஊராட்சிகள் கொண்ட மாநிலத்தில் இது சின்ன எண்ணிக்கையாகத் தெரியலாம். ஆனால் சேர்க்கப்படுபவை ஊரை ஒட்டிய, மனைகள் நிறைந்த, வீட்டு வரி வருமானம் வரும் ஊராட்சிகள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில், ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தலைவர்கள் வீட்டுக்குப் போனார்கள். தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கோட்டை நகர்த்தும் பேச்சு தொடங்கிய அதே வாரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேச வேண்டியவரின் நாற்காலி காலியானது.

ஜனவரி 26 கிராம சபைகளில், இணைப்பு வேண்டாம் என்று மாநிலத்தின் பல ஊர்களில் மக்கள் எழுந்து நின்றார்கள். மறியல், மனு, கறுப்புக் கொடி எல்லாம் நடந்தன. அவர்கள் சொன்ன முதல் காரணம் நூறு நாள் வேலை. ஊராட்சியாக இருக்கும் வரைக்கும்தான் அந்த வேலை. நகராட்சியாகிவிட்டால் அட்டை செல்லாது என்றார்கள். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அறுபது வயதுப் பாட்டிக்கு வேறு யார் அந்தக் கூலி தருவார்கள்? ஊரக வீட்டு வசதித் திட்டங்களும் கோட்டோடு போய்விடும். குடிசைக்குப் பதிலாக வீடு கட்ட 3.5 லட்சம் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகத்துக்கானது. இரண்டாவது காரணம், வரி. 2022-இல் நகர்ப்புறங்களில் சொத்து வரி வீட்டின் அளவைப் பொறுத்து வெவ்வேறு விகிதங்களில் உயர்த்தப்பட்டது பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மறந்துவிடவில்லை.

மறுபக்கமும் கேட்க வேண்டியதுதான். மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியேறியவருக்கு நூறு நாள் வேலை வேண்டாம்; குப்பை வண்டி வேண்டும், தெருவிளக்கு வேண்டும், சாக்கடை வேண்டும். ஓர் ஊராட்சிச் செயலரும் சில தூய்மைக் காவலர்களும் ஆயிரம் வீட்டுக் கழிவைச் சமாளிக்க முடியாது. நகராட்சியில் பொறியாளர் இருப்பார், நகரமைப்பு ஆய்வாளர் இருப்பார், சுகாதார அலுவலர் இருப்பார். ஒரே ஊராட்சிக்குள் தோட்டக் குடிசையும் இருக்கிறது, மாடி வீடும் இருக்கிறது. ஒன்றுக்கு இணைப்பு இழப்பு, மற்றொன்றுக்கு வரவு. இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தலில் உட்காரவைத்துப் பேசத்தான் கிராம சபை. அந்தப் பேச்சு நடக்காமல் வரைபடத்தில் கோடு போட்டால், இருவருமே ஏமாந்ததாக நினைப்பார்கள்.

சேர்ந்தால் கிடைத்துவிடுமா?

சேர்ந்த இடங்களைப் போய்ப் பார்க்கலாம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 426 ஆனது. வரி உடனே மாநகரத்து வரியானது. பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் வந்துசேரப் பத்தாண்டுகளைத் தாண்டியும் வேலை நடந்தது. பெங்களூரில் 2007-இல் ஏழு நகராட்சிகளோடும் ஒரு பேரூரோடும் 110 கிராமங்கள் மாநகராட்சியில் சேர்ந்தன. அந்த 110 கிராமங்களுக்கென்று திட்டமிட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2024 அக்டோபரில். சேர்ந்த வருஷம் பிறந்த குழந்தை பிளஸ் டூ போகும் வயதில் குழாயில் காவிரி வந்தது. அதுவரைக்கும் டேங்கர் லாரி.

ஒட்டன்சத்திரத்துக்குத் தண்ணீர் என்றால் பரப்பலாறு அணை. விருப்பாட்சி மலைக்கு மேலே கட்டிய அந்தச் சின்ன அணை நிறைகிற வருஷம் நிம்மதி. நிறையாத வருஷம் குடம் தூக்கி அலைச்சல். நகராட்சிக்கே இப்படி என்றால், கோட்டுக்குள் புதிதாக வரும் ஆயிரம் மனைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விக்கு வரைபடத்தில் நிறம் தீட்டிப் பதில் சொல்ல முடியாது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டிய பதில் அது.

உள்ளூர்க் கண்காணிப்பு தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே பாடம் உண்டு. கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் அனுமதித்ததற்கு மேல் மாடிகளை எழுப்பியபோது, பழநி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது; அது உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-இல் முடிவுக்கு வந்தது. அப்புறமும் அந்த மலையூரில் விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைக்கும் வேலை இருபது வருஷம் கழித்தும் நடந்தது. நீதிமன்றம் போய்க் கதவு தட்டுவது விதிவிலக்கு. அன்றாடக் காவல் அதை நம்பி இருக்க முடியாது. சமவெளி மனைகளுக்காக வழக்காட யாரும் குழு அமைப்பதில்லை.

பத்திரத்துக்கு ஒரு பதிவேடு

தீர்வு என்று பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஒரு பதிவேடு. இந்த ஊராட்சி எல்லைக்குள் இதுவரைக்கும் எத்தனை மனைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் தானமாக வந்த ரோடு எவ்வளவு, பூங்கா எவ்வளவு, தானப் பத்திர எண் என்ன, பட்டா உள்ளாட்சியின் பெயருக்கு மாறியதா, நிலத்தில் கல் நட்டாயிற்றா. ஆறு பத்திகள் கொண்ட ஒரு நோட்டு. அதன் நகலை அலுவலகச் சுவரில் ஒட்டலாம்.

தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். ஆறில் ஒன்றிலாவது அந்த நோட்டை உரக்கப் படிக்கலாம். நகர்ப்புறத்தில் 2022 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன; அங்கேயும் படிக்கலாம். பதினைந்து நிமிஷம் ஆகும். ஆனால் தன் தெருப் பூங்கா எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று ஐம்பது பேருக்குத் தெரிந்துவிட்டால், அதை விற்பது கஷ்டம்.

ஊராட்சி நகராட்சியோடு சேரும் நாளில் சாவியும் நாற்காலியும் கைமாறும்போது, இந்த நோட்டும் மூலப் பத்திரங்களும் பட்டியல் போட்டுக் கைமாற வேண்டும். ஒப்படைத்தவர் கையெழுத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. வங்கியில் காசாளர் மாறினால் சில்லறை வரைக்கும் எண்ணிக் கொடுக்கிறார்கள். ஊரின் பொது நிலத்தை எண்ணாமல் கொடுப்பது என்ன வழக்கம்?

விற்பவரைப் பிடித்து நிறுத்தவும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் புதுக் குடியிருப்பின் தெருவை உள்ளாட்சி உடனே ஏற்றுக்கொள்வதில்லை. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின் கீழ் ஒப்பந்தம் போடுகிறார்கள். கட்டுபவர் பிணைத்தொகைக்கு உத்தரவாதம் தர வேண்டும். சொன்ன தரத்தில் ரோடு போட்டு, குறிப்பிட்ட காலம் பராமரித்துக் காட்டிய பிறகே அது பொது ரோடு. போடாமல் ஓடினால் பிணைப் பணத்தில் உள்ளாட்சி போட்டுக்கொள்ளும். நம் ஊரில் மெட்டல் பரப்பி, மேலே மெல்லிசாகத் தார் தெளித்து, கடைசி மனை விற்றதும் பந்தலைக் கழற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இப்படி ஒரு கயிறு தேவைப்படுகிறது. மழைக்குப் பிறகு பல்லிளிக்கும் அந்த ரோட்டை அப்புறம் போட்டுக் கொடுப்பது வரி கட்டும் ஊரார்தான்.

மனை வாங்கும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. நகர் ஊரமைப்பு ஒப்புதல் எண் என்ன? வரைபடத்தின் நகலை விற்பவரிடம் வாங்குவதோடு நிறுத்தாமல், உள்ளாட்சி அலுவலகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தாயிற்றா?

2. ரெரா பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா? 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 செண்டுக்கு மேற்பட்ட மனைத் திட்டம் என்றால் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவான விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

3. ரோட்டுக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா? எண்ணும் தேதியும் என்ன? வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு தெரியும்.

4. அந்த சர்வே எண்ணின் பட்டா இப்போது யார் பெயரில்?

5. புலப்படத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப் பாதை ஏதாவது மனைக்குள் ஓடுகிறதா? பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு டீ குடித்தால் பாதி விஷயம் அவரே சொல்லிவிடுவார்.

6. பூங்காவுக்குக் கல் நட்டிருக்கிறதா? போய் நின்று பார்த்தாயிற்றா?

ஆறாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் விற்பவர் சிரிப்பார். பூங்காவையா வாங்கப் போகிறீர்கள் என்பார். ஆம் என்று சொல்லலாம். மனையின் விலையில் அந்தப் பச்சைச் செவ்வகத்துக்கான பங்கும் சேர்ந்தே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கி, ஊருக்குத் தானம் கொடுத்த நிலம் அது. ஊராட்சி என்ற பெயரிலோ, நகராட்சி என்ற பெயரிலோ, அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லித்தான் வரி கட்டுகிறோம்.

அப்பாவின் நீல வரைபடம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்து, எழுத்து வெளுத்துவிட்டது. 'பூங்கா' என்ற சொல் மட்டும் இன்னும் படிக்க முடிகிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் போகும்போதெல்லாம் புதிய மனைகளில் கல்லில்லாத அந்த மூலையைக் கண் தானாகத் தேடும். வாங்கியவர்கள் தங்கள் மனையில் இருந்த முருங்கைக் கட்டையைத் தோண்டி எறிந்திருப்பார்கள். யாரும் தொடாத அந்த மூலையில் மட்டும் அது ஆளுயரத்துக்கு வளர்ந்து, பூத்துக் காய்த்துக்கொண்டிருக்கும். யாருடைய மரம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். காயை மட்டும் எல்லோரும் பறித்துக்கொள்கிறார்கள்.